கல்லமேட்டு விலங்கும் கிரைட்டனின் தீவும்

மைக்கேல் கிரைட்டனின் 'ஜுராசிக் பார்க்' நாவல் 1990 நவம்பரில் வெளிவந்தது. ஸ்பீல்பெர்க்கின் படம் 1993 ஜூனில் வந்தது. நம் திருச்சி, திருவரங்கம் வாசகரிற் பெரும்பாலோர் படத்தைக் கண்ட பிறகே நாவலைத் தேடிப் படித்தவர்கள். ஆகவே அவர்தம் கருத்துகள் ஒப்பீட்டிலேயே தொடங்கும். படத்தில் பேரக் குழந்தைகளைக் கொஞ்சும் அன்பான கிழவராக வரும் ஹாமண்ட், நாவலில் பணத்தாசை பிடித்தவர். தாம் உண்டாக்கிய சிற்றுயிர்களாலேயே கொல்லப்படுகிறார். நாவலே நேர்மையானது என்பார் ஒரு சாரார். கிழவரைக் கொன்றிருக்க வேண்டியதில்லை என்பார் மறு சாரார்.

மற்றொரு குறை தலைப்பைப் பற்றியது. கதையை நடத்திச் செல்லும் டைரனோசாரும் வெலாசிராப்டரும் ஜுராசிக் காலத்தவை அல்ல; அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தவை. வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவேயான விலங்கு. கதைமாந்தர் அட்டையில் வெட்டியவர்களாக நிற்கின்றனர் என்பதும், கணிதர் மால்கம் காலொடிந்து படுக்கையில் கிடந்தபடி பக்கம் பக்கமாகச் சொற்பொழிவாற்றுகிறார் என்பதும் நியாயமான குறைகளே. எனினும் இந்நாவலை எடுத்தவர் எவரும் பாதியில் வைத்ததாக நான் கேட்டதில்லை.

இக்கருத்துகளுள் ஒன்றுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "விறுவிறுப்பு இருக்கிறது, ஆனால் இது நம் மண்ணுக்குத் தொடர்பற்ற கதை" என்பது அது. நம் வட்டத்திலும் இதனைச் சொன்னவர்கள் உண்டு. தலையசைத்தவர்களுள் நானும் ஒருவன். அந்தத் தலையசைப்பு தவறு என்பதை மண்ணியல் நூல்களைப் புரட்டிய பிறகே உணர்ந்தேன்.

'டைனோசோர்' என்னும் சொல்லை ரிச்சர்ட் ஓவன் ஆக்கியது 1842இல். அதே பத்தாண்டில் கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுவை, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாய்ப் போன சிப்பிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்ட் மாவட்டத்தைக் காலால் அளந்து, பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்பன அவற்றின் பெயர்கள். நம் ஊர்ப்பெயர்கள் உலக மண்ணியல் ஏடுகளில் ஏறியது அவ்வாறுதான். அத்தொகுதிகளின் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பெருநூல்களாக வரைந்து வைத்த ஸ்டோலிச்கா, 1874இல் இமயத்துக்கு அப்பால் சென்று திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். காரை ஓடைகளில் இன்றும் மழைக்குப் பின் நடப்பவர் காலில் தட்டுப்படுபவை, அவர் படம் எழுதிய உயிர்களின் உறவினங்களே.

இப்பாறைகளின் சுண்ணாம்புக்கல்லை நாடித்தான் ஆலைகள் வந்தன. கல்லக்குடி என்றதும் நமக்கு 1953ஆம் ஆண்டின் பெயர் மாற்றப் போராட்டமும் தண்டவாளமும் நினைவுக்கு வரும். அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது கிரெட்டேசியஸ் காலக் கடலின் தரை. ஊரின் பெயருக்காகப் போராடிய தலைமுறைக்கு அந்த ஊரின் வயது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கடலோரம் என்றால் கரையும் இருந்திருக்கும். கரையில் விலங்குகளும் இருந்திருக்கும். மாட்லி என்னும் ஆங்கிலேயர், 1929இல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் ஏட்டில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசோர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தனர். அவர்கள் 1979இலேயே ஒரு விலங்குக்குத் 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயரிட்டிருந்தனர். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் இனம் என்பது அவர்கள் முடிவு. திராவிடம் என்னும் சொல்லை மேடைகளில் எத்தனையோ விதமாகக் கேட்ட நாம், அது ஒரு பேருயிரின் பெயருக்குள்ளும் இருப்பதை அறியாமலே இருந்துவிட்டோம். அது டைனோசோரே அன்று, கடல்வாழ் ஊர்வன இனம் என்று சங்கர் சாட்டர்ஜி 1990களில் மறுத்தார். 2017இல் கால்ட்டனும் அய்யாசாமியும் மீண்டும் பழைய முடிவையே நிறுவினர். ஆரிய திராவிட வாதத்தைப் போல இதுவும் எளிதில் தீராது போலும்!

இதனினும் பெரிய செய்தி கல்லமேட்டில் இருக்கிறது. அரியலூரை அடுத்த இச்சிற்றூரில் கிடைத்த எலும்புகளுக்கு இவ்விருவரும் 'புருகத்காயோசாரஸ் மாட்லியி' என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். மாட்லியின் நினைவு பின்னொட்டில் நிற்கிறது. அதனை விரிவாக விளக்கிய கட்டுரை 1989இல் வெளியாயிற்று. கிரைட்டனின் நாவல் அச்சேறுவதற்கு ஓராண்டு முன்பு! அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தின் பகுதி. பிரிந்தது 1995இல்தான். ஆகவே அவ்விலங்கு முறைப்படி நம் மாவட்டத்து விலங்கு. அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று குறித்தனர். திரையில் நம்மை நடுங்கவைத்த டைரனோசாருக்கு அதே எலும்பு ஒன்றேகால் மீட்டரைத் தாண்டாது. முதலில் ஊன் உண்ணி என்று கருதப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. கல்லான மரத்தை எலும்பென்று மயங்கிவிட்டார்களோ என்று ஐயுற்றோரும் உண்டு. எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் சாத்தனூர், அதே பாறைப் பகுதியில்தான் உள்ளது. ஆகவே அந்த ஐயத்தையும் பழிக்க இயலாது. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு, அவ்விலங்கு நூறு டன்னைத் தாண்டியிருக்கும் என்கிறது. அது சரியாயின் தரைமேல் நடந்தவற்றுள் மிகப் பெரியது கல்லமேட்டில் நடந்தது.

சரிபார்க்க எலும்பு இல்லை என்பதே இவ்வரலாற்றின் துயரம். அவை பொருபொருத்துப் போகும் எலும்புகள். சாந்துக் கட்டுப் போட்டு எடுத்தும் சிதையத் தொடங்கின. இறுதியில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2017இல் இது வெளிப்படையாகப் பதிவாயிற்று. நெடுங்காலம் உலகத்தார்க்குக் கிடைத்தவை கோட்டுப் படங்களே. 2022இல்தான் சில பழைய நிழற்படங்கள் ஒரு கட்டுரையில் வெளிவந்தன. 'காவிரியின் தொலைந்த பேருருவம்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டிருந்தனர்.

இவ்விடத்திலிருந்து நாவலுக்குத் திரும்பினால் அது வேறாகத் தெரிகிறது. கொசுவொன்று டைனோசோரின் குருதியைக் குடித்தது, மரப்பிசினில் சிக்கியது, பிசின் இறுகி அம்பர் ஆயிற்று, கொசுவின் வயிற்றிலிருந்து டி.என்.ஏ. எடுக்கப்பட்டது, இடைவெளிகள் தவளையின் டி.என்.ஏ.வால் நிரப்பப்பட்டன. ஏதேனும் ஒரு துளி எஞ்சியிருக்கும் என்னும் நம்பிக்கையே இந்நாவலின் அடித்தளம். படம் திரைக்கு வருவதற்கு முதல் நாள், 1993 ஜூன் 10 இதழில், அம்பரில் கிடைத்த பழங்கால வண்டின் டி.என்.ஏ.வைப் பிரித்ததாக 'நேச்சர்' ஏடு வெளியிட்டது. நாவலைக் கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போயினர். சில ஆண்டுகளுக்குள் வேறு ஆய்வாளர் முயன்றும் அம்முடிவு மீண்டும் கிட்டவில்லை. நியூசிலாந்தின் மோவாப் பறவை எலும்புகளை ஆராய்ந்தோர், டி.என்.ஏ.வின் பிணைப்புகளிற் பாதி 521 ஆண்டுகளில் அறுந்துபோகும் என்று 2012இல் கணக்கிட்டனர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு இக்கணக்கில் மிஞ்சுவது எதுவுமில்லை. 1996இல் பிறந்த டாலி ஆட்டுக்கு உயிருள்ள அணு ஒன்று தேவைப்பட்டது. கல்லமேட்டில் எலும்பே மிஞ்சவில்லை.

கவிஞர்கள் கூடும் அவையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிரைட்டனின் தட்டையான மாந்தரைப் பொறுத்துக்கொண்ட அதே வாசகர்கள், பாட்டி வீட்டில் திருவரங்கத்து வீதிகளில் வளர்ந்து, தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த சுஜாதாவைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 'என் இனிய இயந்திரா'வில் நூல்கள் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாயை அவர் படைத்தபோது, இதெல்லாம் இலக்கியமா என்ற கேள்வி எழுந்தது. ஆங்கிலத்தில் வந்தால் அறிவியல் புனைவு, தமிழில் வந்தால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை! கிரைட்டன் மூன்று பக்கத்தில் விளக்குவதைச் சுஜாதா ஓர் உரையாடலில் முடிப்பார்; வாசகனின் நேரத்தைத் தம் நேரமாகக் கருதிய எழுத்து அது. 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியின் வழியே நம் தலைமுறைக்கு அறிவியலைத் தமிழில் கேட்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இருவரும் மறைந்தது ஒரே ஆண்டில்: சுஜாதா 2008 பிப்ரவரியில், கிரைட்டன் நவம்பரில்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஓரிடத்தில் மண் அள்ளியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசோர் முட்டைகள் என்று செய்தி பரவியது. சுற்றுவட்டாரமே திரண்டு பார்த்தது. வந்து பார்த்த அறிஞர்கள், அம்மோனைட் உயிரிகளைச் சுற்றிப் படிந்து இறுகிய படிவுகள் என்று சொல்லிச் சென்றனர். கூட்டம் ஏமாற்றத்துடன் கலைந்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்த கல்லுக்குள் ஒரு கடல் இருந்ததை எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னார்களோ. கல்லமேட்டைப் பற்றி அங்கே யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.