மொழி பிறக்கும் இடம்

"உலகில் முதன்முதல் தோன்றிய மொழி எது, சேர்?" வெள்ளவத்தையில் ஒரு வகுப்பறையில் மாணவன் ஒருவன் நம்மை இவ்வாறு வினவினான். வினாவுக்குள்ளேயே அவன் விரும்பிய விடையும் ஒளிந்திருந்தது. ‘நம் மொழிதான்’ என்று ஆசிரியர் கூற வேண்டும். வகுப்பு மகிழ்ந்து கைதட்ட வேண்டும். இந்நகரின் இன்னொரு வகுப்பறையில், வேறொரு மொழியின் பெயரால் இதே கைதட்டல் எழக்கூடும். ஆதலின் இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்வது நம் கடமையாகின்றது.

வினா மிகப் பழையது. எகிப்திய மன்னன் சாமெற்றிக்கஸ் ஆதிமொழியைக் கண்டறிய முயன்ற கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மன்னன் இரு பச்சிளங் குழந்தைகளை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, அவர்கள் செவியில் ஒரு சொல்லும் விழாமல் வளர்க்கப் பணித்தானாம். ஈராண்டின் பின் குழந்தைகள் கைநீட்டி ‘பெக்கோஸ்’ என்றனர். அது பிரிஜிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல். எனவே பிரிஜியமே மூத்த மொழி என்று முடிவு செய்யப்பட்டது. உடன் வளர்ந்த ஆடுகளின் கத்தலையே குழந்தைகள் திருப்பிச் சொல்லியிருப்பர் என்று பின்வந்தோர் நகைத்தனர்.

இத்தகைய ஊகங்கள் பெருகிச் சலிப்பூட்டியதனால், 1866இல் பாரிஸ் மொழியியற் கழகம் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று தன் விதியிலேயே எழுதி வைத்தது. எழுத்துக்கு ஏறத்தாழ 5000 ஆண்டு வயது. மனித இனத்துக்கோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு. இடைப்பட்ட நெடுங்காலத்துப் பேச்சு காற்றோடு கலந்துவிட்டது. முதன்மொழி எதுவெனச் சான்றோடு கூற எவராலும் இயலாது.

ஆயினும், மொழி எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் அறியலாம். எகிப்திய மன்னன் செய்த பெரும் பிழை, தனிமையில் மொழியைத் தேடியதே. மொழி கூட்டத்தின் குழந்தை. கூடி உழைத்த மனிதருக்கு ஒருவரிடம் ஒருவர் சொல்லவேண்டிய செய்தி உண்டானபோதே பேச்சு பிறந்தது என்று ஏங்கெல்ஸ் 1876இல் எழுதினார். நூறாண்டின் பின் நிக்கராகுவாவில், அக்கருத்துக்கு அரண் செய்வதுபோல் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அங்கு 1970களின் இறுதியிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் செவிப்புலனற்ற சிறுவர்களுக்கெனப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றனர். சிறுவர்களோ விளையாட்டு முற்றத்திலும் பள்ளி வண்டியிலும் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து, தமக்கென ஒரு சைகை மொழியை ஆக்கிக்கொண்டனர். அடுத்து வந்த இளையோர் அதற்கு ஒழுங்கான இலக்கணமும் தந்தனர். எந்த மன்னனும் கட்டளையிடவில்லை. எந்தப் புலவனும் சூத்திரம் இயற்றவில்லை.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் கொழும்பும் ஒரு மொழி பிறந்த ஊரே. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் கோட்டை வீழ்ந்த பின்னரும் அவர்கள் பேச்சு வீழவில்லை. மாலுமிகள், படைவீரர், அடிமைகள், வணிகர், இந்நாட்டுப் பெண்கள் ஆகியோரின் கலப்பிலே பிறந்த ஒரு புதிய போர்த்துக்கேயம், ஒல்லாந்தர் அதனை ஒடுக்க முயன்றும், அவர்தம் வீட்டு அடுக்களைகளுக்குள்ளேயே வாழ்ந்தது. 1811இல், ஆங்கிலேயர் ஆட்சியிலே, அதனைக் கற்பதற்கென ஓர் இலக்கண நூல் கொழும்பில் அச்சாயிற்று. இன்றும் மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியருட் சிலர் அதனைப் பேசுகின்றனர். அதன் சொற்களிற் பெரும்பாலானவை போர்த்துக்கேயம். ஆனால் வினைச்சொல் தமிழிற்போல வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். உருபு பெயருக்குப் பின் வரும். சொல்லை ஆண்டவன் தந்தான்; இலக்கணத்தை அயல்வீட்டான் தந்தான்.

அக்கலப்பு நம் நாவிலும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் காலையிலே பாண் வாங்கச் செல்லும் சிறுவனை நோக்குக. அவன் காலிலுள்ள சப்பாத்து, அவன் வீட்டு மேசை, கதிரை, அலுமாரி, ஜன்னல், சாவி யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். தந்தை செல்லும் கந்தோரும் தாய் சமைக்கும் போஞ்சியும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. இவற்றுட் பல சிங்களத்திலும் உள்ளன. தமிழின் கடையும் கூலியும் சல்லியும் அக்காவும் சிங்களத்தில் குடியேறியுள்ளன. சிங்களவர் ‘வத்த’ என்னும் தோட்டம் நம் வெள்ளவத்தையில் இருக்கிறது. திசைச்சொல்லுக்கு இலக்கணத்தில் இடம் வகுத்த தொல்காப்பியர் இதனைக் கண்டு முகஞ்சுளித்திருக்க மாட்டார்.

இவ்வளவும் இன்பமான செய்தி. இனி வருவது துன்பமானது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. மொழி, மனிதரைக் கூட்டும் கருவி என்பது போய், பிரிக்கும் கருவியாயிற்று. 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் பஸ்களில் ஏறி, பயணிகளைச் சில சொற்களை உச்சரிக்கப் பணித்தன. வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல் அவற்றுள் ஒன்று. அதன் முதலிலுள்ள ஒலிப்புடைய பகரத்துக்கு நம் நெடுங்கணக்கிலே தனி எழுத்தில்லை. இங்கு எழுதும்போதும் அதனை நாம் காட்ட இயலவில்லை. குழந்தை ஓராண்டை எட்டுமுன்பே தன்னைச் சூழ்ந்தோரின் ஒலிகளுக்குச் செவியைப் பழக்கிக்கொள்கிறது. தாயின் தாலாட்டு நாவில் விட்டுச்சென்ற அந்தத் தடமே பலருக்கு மரண தண்டனையாயிற்று.

அச்சொல்லின் ஊர் எது? ‘பால்தே’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லே ‘பால்திய’ ஆயிற்று. கடல் கடந்து வந்த ஓர் அந்நியச் சொல்லைக் கொண்டு, இம்மண்ணில் யார் சொந்தக்காரர் என்று அளந்தார்கள்! அளந்தவருக்கும் அது இரவல். அளக்கப்பட்டவருக்கும் அது இரவல். இதனினும் கொடிய அறியாமை உண்டோ?

1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழையும் அரசகரும மொழியாக்கின. சட்டம் திருந்தியது நன்று. வகுப்பறையும் திருந்த வேண்டும். தமிழுக்குரிய உரிமை, அது முதன்மொழி என்பதனால் வருவதன்று. உழைத்து வாழும் மக்கள் அதிலே சிந்திக்கிறார்கள், அழுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள் என்பதனால் வருவது. நேற்றுப் பிறந்த மொழிக்கும் அவ்வுரிமை உண்டு. நிக்கராகுவாச் சிறுவரின் கைகளுக்கும் உண்டு.

மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுவே: "தம்பி, முதன்மொழியை எவரும் அறியார். ஆனால் மொழி பிறக்கும் இடத்தை அறிவோம். ஒருவனுக்கு இன்னொருவன் தேவைப்படும் இடத்திலே அது பிறக்கிறது." வகுப்பு கைதட்டவில்லை. சற்றுச் சிந்தித்தது. நமக்கு அது போதும்.