மாத்தளையும் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும்

இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் 1998 டிசம்பர் 28ஆம் திகதி புதுடில்லியில் சந்திரிகா குமாரதுங்கவும் அடல் பிஹாரி வாஜ்பாயும் கைச்சாத்திட்டனர். அது 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாத்தளை மாவட்டத்தைப் பொறுத்தவரை இது இரண்டு பயிர்களின் கதை. தெற்கே உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்து மிளகு இந்தியாவுக்குப் போகிறது. வடக்கே தம்புள்ளை, கலேவெல விவசாயிகளின் பெரிய வெங்காயத்துக்கு இந்திய வெங்காயமே போட்டி.

அக்கரையோடு வணிகம் இங்கே புதிதல்ல. கண்டி இராச்சியத்துப் பாக்கு தென்னிந்தியாவுக்குப் போக, அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனதும் மலைநாட்டார் நேரே கடலை அடையும் வழி அடைபட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1975இல் பாங்கொக் உடன்படிக்கையும் 1993இல் சார்க் நாடுகளின் முன்னுரிமை வர்த்தக உடன்படிக்கையான சாப்டாவும் வந்தன. சலுகைகள் மிகச் சிறியவை என்பதால் இரண்டுமே பெரிதாகப் பயன் தரவில்லை. அதே நாடுகள் 2004இல் கைச்சாத்திட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கையான சாஃப்டா 2006இல் அமுலுக்கு வந்தபோதும், இந்திய–பாகிஸ்தான் பகை அதை முழுமையாகச் செயற்பட விடவில்லை. எனவே பிராந்திய வணிகம் என்று பேசப்பட்டது நடைமுறையில் இருநாட்டு வணிகமாகவே சுருங்கியது.

1998 உடன்படிக்கை இலங்கை சிறிய பொருளாதாரம் என்பதைக் கணக்கில் எடுத்தது. தீர்வையை நீக்க இந்தியாவுக்கு மூன்றாண்டு, இலங்கைக்கு எட்டாண்டு அவகாசம். சலுகை இல்லாத பொருட்களின் எதிர்மறைப் பட்டியலில் இந்தியா 429ஐயும் இலங்கை 1,180ஐயும் வைத்துக்கொண்டன. உள்நாட்டுப் பெறுமதிசேர்ப்பு 35 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது விதி. இந்த விதிதான் பின்னர் சச்சரவுக்கு வழிவிட்டது. குறைந்த தீர்வையில் பாமெண்ணெயை இறக்கி வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பிய ஆலைகள் இலங்கையில் பெருகவே, இந்தியா ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று எல்லை போட்டது. அத்தொழில் அதோடு சரிந்தது.

மிளகுக்கும் அதே கதிதான். இலங்கை மிளகில் காரம் தரும் பைப்பரின் கூடுதல் என்பதால் கேரளத்துச் சாறு பிழியும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குவதும் இப்பயிரின் செல்வாக்கைக் காட்டும். ஆனால் தீர்வையில்லாமல் போவது ஆண்டுக்கு 2,500 தொன் மட்டுமே. அதற்கு மேற்பட்டதற்கு சாஃப்டாவின் கீழ் 8 சதவீதம். வியட்நாம் மிளகு இலங்கை மிளகென்ற பெயரில் வருகிறது என்று கேரள, குடகு விவசாயிகள் கொதித்தெழ, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றது எனச் சொல்லிவிட முடியாது. 2019 இறுதியில் இலங்கை அரசே மீளேற்றுமதிக்கான மிளகு இறக்குமதியைத் தடைசெய்தது. ஆனால் அந்த விலைக் கட்டுப்பாடு கலப்படம் செய்த வணிகனையும் சொந்தக் கொடியில் பறித்த மாத்தளை விவசாயியையும் பிரித்துப் பார்க்கவில்லை.

வெங்காயத்தில் நிலைமை நேரெதிர். உள்ளூர் அறுவடைக் காலத்தில், 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை அரசாங்கம் உயர்த்தும். வரத்துக் குறைந்ததும் தாழ்த்தும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த அறவீடும் இந்தியாவின் கையிருப்பும்தான். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்ததும் இலங்கையில் விலை ஏறியது. 2024 ஏப்ரலில் 10,000 தொன் அனுப்ப விசேட அனுமதி கிடைத்தது. உடன்படிக்கை கைச்சாத்தாகிக் கால் நூற்றாண்டு ஆகியும் வெங்காயத்துக்கு இந்தியாவின் தயவை நாடவேண்டியிருந்தது.

சேவைத்துறையையும் முதலீட்டையும் சேர்த்த விரிவான உடன்படிக்கை 2008இல் கைச்சாத்தாக இருந்தது. உள்ளூர் வணிகர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதன் மறுவடிவமான எட்காவுக்கு 2016இல் தொடங்கிய பேச்சுகளை மருத்துவர் சங்கம் உள்ளிட்ட தொழில்வாண்மையாளர்கள் எதிர்த்தார்கள். 2018இல் நின்றுபோனவை 2023இல் மீண்டும் தொடங்கின. 2024 டிசம்பரில் அநுர குமார திசாநாயக்கவின் டில்லிப் பயணத்தின்போது பேச்சைத் தொடர இரு நாடுகளும் இணங்கின. விவாதம் பெரும்பாலும் இந்திய வைத்தியர், பொறியியலாளர் வருகையைப் பற்றியதாகவே இருக்கிறது. மிளகு ஒதுக்கீட்டை உயர்த்துவதும் குறைந்தபட்ச விலையிலிருந்து மெய்யான இலங்கை மிளகுக்கு விலக்குக் கேட்பதும், மாத்தளைக்கு அதைவிட அவசரமானவை.