குளிர் கேட்கும் பூச்சி: சிக்ரோப்பியா வளர்ப்பு

அந்துப்பூச்சி என்றதும் கம்பளி உடுப்பை அரிக்கும் சிறு பூச்சியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் வட அமெரிக்காவின் மிகப் பெரிய அந்துப்பூச்சியான சிக்ரோப்பியா, சிறகை விரித்தால் 15 செ.மீ. அகலம் வரும். ஒன்ராறியோவில் எங்கள் வீட்டில் சில வருடங்களாக இதை வளர்த்து வருகிறேன்.

முட்டை பொரிக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். கறுப்பாகப் பிறக்கும் புழு நான்கு முறை தோலுரித்து, சிவப்பு, மஞ்சள், நீல முண்டுகளுடன் பச்சையாகி 10 செ.மீ. வரை வளரும். நம் ஊர் மயிர்க்கொட்டி போல இது சுணைக்காது. மேப்பிள், செர்ரி, பேர்ச், அப்பிள் இலைகளைத் தின்னும். மருந்து தெளிக்காத கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் செருகி, புழு விழுந்து மூழ்காதபடி வாயைப் பஞ்சால் அடைக்கவேண்டும். எச்சத்தைத் தினமும் அகற்றவேண்டும். தோலுரிக்கும்போது அசையாதிருக்கும் புழுவைத் தொடக்கூடாது.

கோடை முடிவில் புழு கிளையோடு ஒட்டிப் பழுப்புநிறக் கூடு கட்டும். அப்போதுதான் நம்மவர்கள் கேட்பார்கள்: "பாவம், பனிக்குள்ளே விட்டால் செத்துப்போகாதோ?"

வீட்டுச் சூட்டில் வைத்தால்தான் ஆபத்து. கூட்டுப்புழு காய்ந்து இறக்கலாம். அல்லது துணையும் இலையும் இல்லாத நடுக்குளிர்காலத்தில் வெளிவரலாம். காரணத்தைக் கண்டறிந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கரோல் வில்லியம்ஸ். குளிரூட்டிய கூட்டுப்புழுவின் மூளையை, குளிர்படாத இன்னொன்றுக்குள் அவர் பொருத்தினார். அதுவும் வளர்ந்து பூச்சியானது. மூளை நீண்டநாள் குளிர்பட்ட பிறகே வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பு வெளிப்படும் என்று 1940களில் அவர் நிறுவினார். ஆகவே கூட்டை வெயில்படாத வெளிப்புறத்தில், எலியும் அணிலும் நுழையாத கம்பிவலைக் கூண்டில் வைக்கிறேன்.

மே கடைசியிலோ யூனிலோ பூச்சி வெளிவரும். சுருங்கிய சிறகுகள் தொங்கி விரிய, அது பற்றி ஏறக் குச்சியோ வலையோ வேண்டும். உண்பதற்கு வாயுறுப்பு இல்லாததால் புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில் இரண்டு வாரம்வரை வாழும். பெண் வெளிவிடும் வாசனையை இறகு போன்ற உணர்கொம்புகளால் அறிந்து, ஆண் ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் வரும்.

இப்பூச்சிக்கு எதிரிகளும் உண்டு. வேறொரு பூச்சியை அழிக்கவென்று 1906இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் ஒட்டுண்ணி ஈ, சிக்ரோப்பியாப் புழுக்களையும் கொல்கிறது. வலைக்குள் வளரும் புழு அதனிடமிருந்து தப்பும். சிறகு உலர்ந்ததும், அன்று மாலையே பூச்சியைப் பறக்க விட்டுவிடுங்கள். அதற்கிருப்பது சில இரவுகள்தான்.