ஜிராவா, ட்ரெல்லோவா? கல்முனையின் சிறு அணிகளுக்கு ஓர் ஒப்பாய்வு

கொழும்புக்குப் போகாமல் ஊரிலிருந்தே மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள். சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் போன்ற இடங்களில் படித்துவிட்டு நாலைந்து பேராகச் சேர்ந்து தொழில் தொடங்குவோருக்கு முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பெக்லொக்கை எதில் வைப்பது என்பது.

அதற்குரிய மென்பொருள்களில் ஜிரா 2002இல் வந்தது, அவுஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்துடையது. ட்ரெல்லோவை 2011இல் நியூயோர்க்கின் ஃபொக் கிரீக் வெளியிட்டது, 2017இல் 42.5 கோடி டொலருக்கு அதையும் அட்லாசியனே வாங்கிவிட்டது. முதலாளி ஒருவர்தான், ஆனால் குணம் வேறு.

மருதமுனைக் கைத்தறிக் கடையொன்றுக்கு இணைய விற்பனைத் தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ‘சாரன் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் வசதி’ என்பது ஒரு வேலை. ட்ரெல்லோவில் அது ஓர் அட்டை. ‘செய்ய இருப்பவை’யிலிருந்து ‘செய்கிறோம்’ நிரலுக்கு இழுத்துவிட்டால் போதும். கடைக்கார நானா போனில் பார்த்தாலே வேலை எங்கே நிற்கிறதென்று விளங்கிக்கொள்வார். ஆனால் அட்டைகள் எண்பது, நூறு என்று பெருகும்போது பழையவை அடியில் போய்விடும். எது இன்னும் தேவை, எதைக் கைவிட்டாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஜிராவில் அதே வேலை ‘பணம் செலுத்துதல்’ என்ற பெரிய தலைப்பின் கீழ் வரும். வேலையின் அளவைக் காட்டும் புள்ளி மதிப்பு அதற்கு உண்டு, ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய காலச் சுற்றும் உண்டு. முடியாமல் போனால் பெக்லொக்குக்குத் திருப்பலாம், அடுத்த ஸ்பிரிண்டுக்கும் தள்ளலாம். சில ஸ்பிரிண்டுகள் ஓடிய பின் அணியின் வேகம் வரைபடமாகத் தெரியும். வாடிக்கையாளருக்கு நாள் சொல்ல அதுதான் கைகொடுக்கும். நோன்பு மாதத்தில் அந்த வேகம் இறங்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் சோம்பல் என்று எடுத்துக்கொள்வார். ஜிராவின் குறை, அதைப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்பது. நிரப்பவேண்டிய கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து பேர் அணியில் ஒருவருடைய நேரம் அதிலேயே கரையும்.

பணக் கணக்கையும் பார்க்கவேண்டும். இரண்டிலும் இலவசம் பத்துப் பேர் வரைதான். ஜிராவில் பதினோராவது ஆள் சேர்ந்தால் பதினொரு பேருக்கும் கட்டணம், அதுவும் டொலரில். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதை அனுபவித்த நாட்டில் இது சின்ன விசயமில்லை. அந்த வருட மின்வெட்டு நேரங்களில், இணைப்பில்லாமலே அட்டையை மாற்றிப் பிறகு ஒத்திசைக்கும் ட்ரெல்லோவின் போன் செயலி பெரிய உதவி. ஆனால் அதன் இலவசக் கணக்கிலிருந்து தரவை வெளியே எடுத்தால் ஜேசன் கோப்பாகத்தான் வரும். எக்செல்லில் நேரே திறக்கும் சிஎஸ்வி கோப்புக்குக் காசு கட்டவேண்டும்.

உள்ளூர்க் கடைகளுக்கு வேலை செய்யும் ஐந்து பேருக்கு நான் ட்ரெல்லோவையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: ‘அடுத்தது’ என்றொரு நிரல் வைத்து அதில் ஏழு அட்டைக்கு மேல் விடக்கூடாது, அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கவேண்டும். வியாழன் மாலை அதைச் செய்துவிட்டால் வெள்ளி ஜும்ஆவுக்கு முன் அவசரக் கூட்டம் தேவைப்படாது. கொழும்பு, வளைகுடா நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் ஜிராவில் பழகட்டும். அந்த நிறுவனங்கள் பலவற்றில் ஜிராதான் புழக்கத்தில் இருக்கிறது, நேர்முகத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.