குனிஞ்சு போன மாடுகள்

பள்ளிக்கூடத்துல தாமஸ் கிரேயோட எலிஜி (1751) நடத்தினப்போ ரெண்டாவது வரியிலயே கவுந்தேன். மாட்டு மந்தைக்கு முன்னாடி 'லோயிங்'னு ஒரு வார்த்தை. 'லோ'ன்னா தாழ்வுதானே? 'குனிஞ்சு போற மந்தை'ன்னு எழுதி வெச்சேன். வகுப்பே சிரிச்சுது. (இன்னிக்கும் காது சுடுது!)

மாடு கத்துறதுக்கும் 'லோ'தான் மக்களே. எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஆனா சொந்தம் கிடையாது. 'தாழ்வு' வைக்கிங்குகளோட பழைய நோர்ஸ் மொழியிலேர்ந்து வந்தது. 'கத்தல்' பழைய ஆங்கிலத்து 'ஹ்லோவன்'. முன்னாடி இருந்த 'ஹ்' உதிர்ந்து, உயிரொலியும் மாறி, கடைசில ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.

ஹ்லோவனுக்கு நிஜமான பங்காளி லத்தீன்ல இருக்கு: 'கிளாமாரே', உரக்கக் கத்துறது. அதோட வாரிசுதான் 'கிளெய்ம்'. அதாவது இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடற நாமளும் மாடும் ஒரே வம்சம், ஹிஹி.

1611 ஆங்கில பைபிள்ல (1 சாமுவேல் 15) இந்த வார்த்தை ஒரு ராஜாவையே மாட்டிவிடுது. அமலேக்கியரோட ஆடுமாடு எதையும் விடாம அழிக்கணும்னு சவுலுக்குக் கட்டளை. சொன்னபடி செஞ்சுட்டேன்னு சவுல் சொல்றார். அப்போ சாமுவேல் காதுல விழுது, 'லோயிங்'.

இப்போ குழந்தைகளுக்கு 'மூ' போதும். 'லோ' கிறிஸ்துமஸ் பாட்டுல மட்டும் தலைகாட்டுது. அங்கயும் எத்தனை பேர் மாட்டைக் குனிய வெச்சாங்களோ!