சீர்திருத்தப் பள்ளியும் திரும்பிவரும் ஊரும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் ராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியிருந்தபோதிலும், குற்றம் இழைத்த சிறுவனைத் திருத்துவதற்கென அமைந்த நிறுவனங்கள் இவ்வூர்களுக்குத் தொலைவிலேயே இருந்துவந்தன. அவற்றுள் மூத்தது, சிறுவரைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்து எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்கும் நோக்குடன் 1887இல் செங்கல்பட்டில் தொடங்கப்பட்ட சீர்திருத்தப் பள்ளியாகும். அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

இந்தியாவிலேயே முதலாவதான சென்னைச் சிறுவர் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதைப் பின்பற்றின. அடுத்து வந்த பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 16 முதல் 21 வயதுக்குட்பட்ட இளங்குற்றவாளிகளைச் சிறைத்தண்டனைக்கு மாற்றாகப் பயிற்சிக் காவலில் வைக்க வழிசெய்தது. இம்முறை இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பார்ஸ்டல் என்னும் சிற்றூரின் பெயரைப் பெற்றது. பாளையங்கோட்டையில் சிறையாக இருந்த வளாகமே பார்ஸ்டல் பள்ளியாகிப் பிற்காலத்தில் மத்தியச் சிறையாயிற்று என்பது, திருத்தும் இடத்திற்கும் அடைக்கும் இடத்திற்கும் இடையிலான சுவர் எத்துணை மெல்லியது என்பதைக் காட்டுகிறது.

இத்தகைய நிறுவனங்களின் பயனை உள்ளே கற்பித்த தொழில்களைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியபின் நூற்பாலை வேலை பெருகிய ஊருக்கு, தச்சோ கைத்தறியோ பயின்று திரும்பிய இளைஞனை யார் பணியில் அமர்த்தினார்கள், உறவினர் அவனை ஏற்றார்களா என்பனவே உண்மையான அளவுகோல்கள். அவனுடன் தொடர்பில் இருந்து இவற்றை அறியக்கூடியவர் நன்னடத்தை அலுவலர், அதாவது சிறுவனின் குடும்பச் சூழலை விசாரித்து அவனைக் கண்காணித்து உதவும் அதிகாரி.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் இல்லங்களைப் பார்வையிட வேண்டுமென்றும், அவற்றின் செயல்பாட்டை அரசு தனித்து மதிப்பிடலாமென்றும் கூறுகிறது. அதே சட்டம், குற்றப் பதிவு சிறுவனின் வாழ்வைத் தொடராதிருக்கப் பெரும்பாலான வழக்குகளில் அப்பதிவுகளை உரிய காலத்தில் அழிக்கச் சொல்வது நியாயமானது. ஆகையால் காவல்துறை ஏடுகளைத் தேடி மதிப்பிடுவது முறையாகாது. 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை பொருளுதவி அளிக்க வகைசெய்யும் பிற்காப்புத் திட்டத்தின் வழியே, அவரவர் இசைவுடன், வேலையும் படிப்பும் எவ்வாறு அமைந்தன என்று கேட்டறிவதே தக்க வழியாகும்.