உப்பளம் கண்ட பேனா

கேளம்பாக்கம் வழியே கோவளத்துத் தமீம் அன்சாரி தர்காவுக்கு ஜியாரத் செல்லும் நாம், சாலையோர உப்பளங்களைக் கண்டும் காணாதவராய்க் கடந்திருக்கிறோம். பாத்தியில் உப்பு வாரும் கைகளை எண்ணிப் பார்த்தவர் சிலரே. தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று அக்கைகளின் துயரை அறிந்து, 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலாக்கியவர் ராஜம் கிருஷ்ணன்.

1925இல் முசிறியில் பிறந்த அவ்வம்மையாருக்குப் பதினைந்து வயதிலேயே மணமாயிற்று. கணவர் மின்பொறியாளர். அவர் பணியின் பொருட்டு வாழ நேர்ந்த நீலகிரி, படகர் வாழ்வைக் கூறும் 'குறிஞ்சித் தேன்' நாவலைத் தந்தது. இது குடும்பம் அளித்த பயணம். பின்னர் எழுத்துக்காகவே அம்மையார் பயணம் மேற்கொண்டார். கோவா 'வளைக்கர'மாகவும், சம்பல் பள்ளத்தாக்கு 'முள்ளும் மலர்ந்தது' ஆகவும் உருப்பெற்றன. 'வேருக்கு நீர்' 1973இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 2014இல் மறையும் முன்னரே, 2009இல், அவர் நூல்கள் நாட்டுடைமையாயின.

நம் சமுதாயத்திலும் ஆற்றலுக்குக் குறைவில்லை. மூன்றாம் வகுப்பே பயின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இலேயே 'காதலா கடமையா?' நாவலை வெளியிட்டார். எனினும், கடல் கடந்து வாணிபம் செய்த ஆடவரின் வரலாறு நம்மிடம் உள்ள அளவுக்கு, அவர்தம் இல்லம் காத்த பெண்டிரின் வரலாறு எழுத்தில் இல்லை. அவர்கள் கண்டதும் பட்டதும் அவர்களோடே மறைந்தன.

இனியேனும் நம் பெண்மக்களைப் பயணத்தில் உடனழைத்துச் செல்வோம். திரும்பி வந்ததும், அடுக்களைக்கு விரையுமுன் அவர்கள் எழுதுவதற்குச் சிறிது பொழுதும் அளிப்போம்.